கேம் ஆடும்போது மட்டும் சத்தம் உடைகிறதா? சவுண்ட் கார்டைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: அண்ணா, வீட்டில் டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். கேம் தொடங்கி இருபது நிமிடம் ஆனதும் சத்தம் கரகரவென்று உடைய ஆரம்பிக்கிறது. ஒயர் ஹெட்செட், புளூடூத் ஹெட்செட் இரண்டிலும் அதே கதை. யூடியூப், படம் எல்லாம் நன்றாகவே ஓடுகிறது. நண்பர்களோடு பேச மைக்கை ஆன் செய்தால் கேம் சத்தம் அமுங்கிப் போகிறது. இது போக, ஒயர் ஹெட்செட்டில் எப்போதும் மெல்லிதாக ஒரு 'ஙொய்' சத்தம். விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டுவிட்டேன். கடையில் கேட்டால் சவுண்ட் கார்டு போய்விட்டது, புதிது போடலாம் என்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்தக் காசு கையில் இருக்கட்டும்.

சவுண்ட் கார்டு நன்றாக இருக்கிறது என்பதற்கான சாட்சி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. புளூடூத் ஹெட்செட்டிலும் கரகரக்கிறது என்கிறீர்கள். புளூடூத்தில் கேட்கும்போது மதர்போர்டில் இருக்கும் சவுண்ட் சிப்புக்கு வேலையே கிடையாது. எண்களாகப் போகும் ஒலியை மறுபடி சத்தமாக மாற்றுகிற சிப் அந்த ஹெட்செட்டுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு வெவ்வேறு சிப்புகள், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி கெட்டுப்போக வாய்ப்பில்லை. கோளாறு அந்த இரண்டுக்கும் முன்னால், கணினிக்குள் எங்கோ இருக்கிறது.

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. அவர் சொல்வது ஒரு காலத்தில் சரிதான். விண்டோஸ் எக்ஸ்.பி. காலம் வரை கேமில் வரும் பல ஒலிகளைக் கலப்பது, குகைக்குள் எதிரொலி சேர்ப்பது போன்ற வேலைகளைச் சவுண்ட் கார்டே செய்ய முடிந்தது. நல்ல கார்டு போட்டால் கேம் வேகமாகவே ஓடும். 2007 தொடக்கத்தில் விஸ்டா வந்தபோது மைக்ரோசாஃப்ட் அந்த வழியை எடுத்துவிட்டது. அன்று முதல் கலக்கும் வேலை பெரும்பாலும் பிராசஸரில், மென்பொருளில்தான் நடக்கிறது. கார்டு கடைசியில் நின்று, வருவதை வாங்கி வெளியே விடுகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். "சவுண்ட் சரியில்லை" என்பது டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்பது மாதிரி. உடைவது, அமுங்குவது, ஙொய் என்பது மூன்றும் தனித்தனி நோய். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. விண்டோஸை இரண்டு முறை போட்டும் ஒன்றும் தீராததற்கு அதுவும் ஒரு காரணம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பெரியது முதலாவதுதான்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலையில் சோறு தீர்வதற்குள் அடுத்த வாளி வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் சாப்பிடுகிறவர் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கணினியில் ஒலியும் இப்படித்தான் பரிமாறப்படுகிறது. ஒரு நொடி ஒலி என்பது வழக்கமாக 48,000 எண்கள். விண்டோஸ் அதைச் சாதாரணமாக 10 மில்லி விநாடிக்கு ஒரு தவணையாக, அதாவது 480 எண்களாகக் கொடுக்கிறது. அடுத்த 480 நேரத்துக்கு வரவில்லை என்றால் ஒலி அலை பாதியில் அறுந்து பூஜ்யத்தில் விழும். அந்த வெட்டுதான் காதில் 'டிக்' என்று கேட்கிறது. எப்போதாவது ஒன்று வந்தால் டிக். நொடிக்கு முப்பது நாற்பது வந்தால் கரகர.

படம் இப்படித் தாமதித்தால் நமக்கு அவ்வளவாகத் தெரியாது. 60 எஃப்.பி.எஸ்.-ல், அதாவது நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) ஓடும்போது, ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி விநாடி. ஒரு ஃபிரேம் விட்டுப்போனால் கண் மன்னித்துவிடும். காது மன்னிக்காது.

அப்படியானால் யூடியூப் மட்டும் எப்படி நன்றாக ஓடுகிறது? அடுத்து என்ன வரப்போகிறது என்பது அதற்கு முன்பே தெரியும். நாலைந்து வாளியை முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொள்ளலாம். கேமில் அது முடியாது. நீங்கள் அடுத்த நொடி சுடுவீர்களா ஓடுவீர்களா என்று யாருக்கும் தெரியாது. பட்டனை அழுத்தியதும் சத்தம் வர வேண்டும் என்பதால் கேம் கையிருப்பைக் குறைவாகவே வைத்துக்கொள்ளும். போதாததற்கு, கேம் ஓடும்போதுதான் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, நெட் எல்லாம் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருக்கின்றன.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: வாளியைத் தாமதப்படுத்துவது யார்?

நீங்கள் சொன்ன "இருபது நிமிடம்" எனக்கு முக்கியமாகப் படுகிறது. தொடங்கியவுடன் நன்றாக இருந்து பிறகு கெடுகிறது என்றால் முதல் சந்தேகம் சூடு. பிராசஸர் 90, 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்ததும் எல்லா வேலையும் பின்தங்கும். முதலில் காட்டிக்கொடுப்பது சத்தம்தான். வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். 90-க்கு மேலேயே நிற்கிறது என்றால் கேபினெட்டைத் திறங்கள். பிராசஸர் மேலிருக்கும் ஃபேனுக்கும் அதன் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசி ஒரு கம்பளம் போலப் படிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதி எடுங்கள். நான்கைந்து வருடமான கணினி என்றால் பிராசஸருக்கு மேலே தடவும் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும், அதையும் மாற்றிவிடலாம்.

இரண்டாவது சந்தேகம் ரேம். 8 ஜிபிதான் இருக்கிறது, கேமுக்குப் பின்னால் குரோமில் பதினைந்து டேப் திறந்திருக்கிறது என்றால், இருபது நிமிடத்தில் ரேம் நிரம்பி டிஸ்க்கிலிருந்து எடுத்துப்போட ஆரம்பிக்கும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் கேட்கவே வேண்டாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி 95 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

அப்படியே பிராசஸரையும் ஒரு பார்வை பாருங்கள். 100 சதவீதத்திலேயே இருந்தால் கேம் செட்டிங்கில் எஃப்.பி.எஸ்.-க்கு ஒரு வரம்பு போடுங்கள். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் 60 போதும். மானிட்டர் காட்டவே முடியாத 200 ஃபிரேமைத் தயாரிக்க பிராசஸரை வாட்டுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்த ஒரு மாற்றத்திலேயே பலருக்குக் கரகரப்பு நின்றுபோகும்.

சூடும் இல்லை, ரேமும் இருக்கிறது, பிராசஸர் பாதிதான் வேலை செய்கிறது, ஆனாலும் உடைகிறது என்றால் டிரைவர்தான், அதாவது ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள். இங்கேதான் ஆட்கள் நிறைய நேரத்தை வீணாக்குகிறார்கள். சவுண்ட் டிரைவரையே திரும்பத் திரும்ப அழித்துப் போடுவார்கள். நான் பார்த்தவரை, குற்றவாளி பெரும்பாலும் வேறு யாரோ ஒருவர்: வைஃபை, கிராபிக்ஸ், யூ.எஸ்.பி.

காரணம் இது. விண்டோஸில் ஒரு டிரைவர் அவசர வேலையாகப் பிராசஸரைக் கையில் எடுத்தால், அது விடும்வரை பிராசஸரின் அந்த கோரில் (பிராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி) சாதாரண வேலைகள் எதுவும் நகராது. அந்த வேலையை 100 மைக்ரோ விநாடிக்குள் முடித்துவிட வேண்டும் என்று டிரைவர் எழுதுகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவுரை வைத்திருக்கிறது. எல்லோரும் அதை மதிப்பதில்லை. பந்தியில் நடுவரிசையில் ஒருவர் நின்று சம்பந்தியோடு கதை பேச ஆரம்பித்தால் பின்னால் வரும் எல்லா வாளியும் நிற்குமே, அது போல.

இதைப் பிடிக்க லேட்டன்சிமான் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். மேலே உள்ள பச்சை முக்கோணத்தை அழுத்திவிட்டு, மூடாமல், அப்படியே கேமுக்குப் போய் உடையும்வரை ஆடுங்கள். வெளியே வந்து டிரைவர்கள் பட்டியலைத் திறந்து, அதிக நேரம் எடுத்தது மேலே வரும்படி அடுக்குங்கள். 1,000 மைக்ரோ விநாடியைத் தாண்டி ஒரு பெயர் நிற்கிறது என்றால் அங்கே ஆரம்பிக்கலாம். என்.வி. என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா கிராபிக்ஸ் டிரைவர். என்டிஸ் என்றால் நெட்வொர்க். டபிள்யூ.டி.எஃப். என்று தொடங்கும் பெயர் மேலே வந்தால் அதையே திட்டாதீர்கள், அது பல டிரைவர்களுக்குப் பொதுவான கூடாரம், உள்ளே இருப்பவர் வேறு. ஒரே ஒரு முறை பெரிய எண் வந்திருந்தால் அதையும் பெரிதுபடுத்த வேண்டாம். திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

என் கணினியில் நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலம் ஆனால் மட்டும் கரகரக்கும். காலையில் ஒன்றும் இருக்காது. கரண்ட் வோல்டேஜ் என்று நினைத்து ஸ்டெபிலைசர்கூடப் போட்டேன். மூன்று வாரம் கழித்து லேட்டன்சிமானில் என்டிஸ் தலைகாட்டியது. கேபினெட்டின் முன்பக்கம் ஒரு சின்ன யூ.எஸ்.பி. வைஃபை ஸ்டிக், அதை ஒட்டியே ஹெட்செட் ஒயர். சாயங்காலம் அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் உயிர்பெறும்போது என் ஸ்டிக் சிக்னலுக்காகத் திணறிக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்டிக்கைப் பிடுங்கிவிட்டு ராவ்டரிலிருந்து பத்து மீட்டர் லேன் கேபிள் இழுத்தேன். அதோடு நின்றது. ஸ்டெபிலைசரை ஃபிரிட்ஜுக்குக் கொடுத்துவிட்டேன்.

அதனால் நீங்களும் ஒரு சோதனை செய்யுங்கள். நெட் தேவைப்படாத ஒரு கேமை எடுத்துக்கொண்டு, டிவைஸ் மேனேஜரில் வைஃபையை டிசேபிள் செய்துவிட்டு அரை மணி நேரம் ஆடுங்கள். உடையவில்லை என்றால் ஆள் கிடைத்துவிட்டார். வைஃபை டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்துப் போடலாம், அல்லது என்னைப் போல கேபிள் இழுத்துவிடலாம். கிராபிக்ஸ் என்று தெரிந்தால் டிரைவரை முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அண்மையில் அப்டேட் செய்த பிறகுதான் தொல்லை வந்தது என்றால் பழைய பதிப்புக்கே திரும்புவதில் வெட்கமில்லை.

பிராசஸர் ஏ.எம்.டி. ரைசன் என்றால் இன்னும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2021-இல் 500 வரிசை மதர்போர்டுகளில் யூ.எஸ்.பி. விட்டுவிட்டு அறுந்துபோகும் கோளாறை ஏ.எம்.டி.யே ஒப்புக்கொண்டு பயாஸ் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) வழியாகத் திருத்தம் தந்தது. யூ.எஸ்.பி. ஹெட்செட்காரர்கள் அப்போது நிறைய அவதிப்பட்டார்கள். 2022-இல் இன்னொன்று: எஃப்.டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதி ஆனில் இருந்தால் எப்போதாவது கணினி முழுவதும் ஒரு கணம் திக்கி, சத்தமும் இழுபடும். அதற்கும் திருத்தம் பயாஸில்தான் வந்தது. இரண்டுமே விண்டோஸை எத்தனை முறை போட்டாலும் போகாது. 2022 மே மாதத்துக்கு முந்தைய பயாஸ் என்றால் மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைச் சரியாகப் பார்த்துப் புதியதைப் போடுங்கள். யு.பி.எஸ். இல்லாமல் இதைத் தொடாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம்.

மற்ற சில்லறைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். கண்ட்ரோல் பேனலின் சவுண்ட் பகுதியில் ஹெட்செட்டின் அமைப்பு 1,92,000 ஹெர்ட்ஸில் இருந்தால் 48,000-க்குக் கொண்டுவாருங்கள், காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஒலிக்கு மெருகேற்றும் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை அணைத்துவிடுங்கள். கவுன்டர் ஸ்ட்ரைக், வேலரண்ட் மாதிரி கேம்களுக்குள்ளேயே ஹெட்போனுக்கான திசை ஒலி வசதி உண்டு. அதற்கு மேல் விண்டோஸின் திசை ஒலியான விண்டோஸ் சோனிக், அதற்கு மேல் ஹெட்செட் கம்பெனியின் 7.1 திசை ஒலி என்று மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால், எதிரியின் காலடி கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் இருக்கும். ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள்.

சரி, இரண்டாவது தொல்லைக்கு வருவோம்: மைக்கை ஆன் செய்தால் சத்தம் அமுங்குவது. எப்படி அமுங்குகிறது என்று கவனித்துக் கேளுங்கள்.

சத்தம் தெளிவாகவே இருக்கிறது, ஆனால் யாரோ வால்யூமைக் குறைத்தது போல இருக்கிறது என்றால் அது விண்டோஸ் செய்யும் உபகாரம். நீங்கள் போன் பேசுவதாக நினைத்துக்கொண்டு மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கிறது. அதே சவுண்ட் பகுதியில் கம்யூனிகேஷன்ஸ் என்ற டேபுக்குப் போய் "எதுவும் செய்யாதே" என்ற கடைசித் தேர்வை வையுங்கள். அரை நிமிட வேலை. டிஸ்கார்டில் பேசுகிறீர்கள் என்றால் அதற்குள்ளும் அட்டெனுவேஷன் என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் பூஜ்யமாக்குங்கள்.

அப்படி இல்லாமல், சத்தத்தின் தரமே கெட்டு, பழைய லேண்ட்லைன் போனில் கேட்பது போல மொட்டையாக, இடது வலது வித்தியாசம் இல்லாமல் கேட்கிறது என்றால் அது புளூடூத்தின் குணம். வழக்கமான புளூடூத்தில், பாட்டு கேட்கும் முறையில் ஒலி ஹெட்செட்டை நோக்கி ஒரு பக்கமாகத்தான் போகும். மைக்கைத் திறந்த மறுகணம் அது போன் பேசும் முறைக்குத் தாவிவிடும். அந்த முறையில் ஒலி ஒற்றைச் சேனல், அதுவும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 எண்கள் மட்டுமே. எந்த டிரைவரை மாற்றியும் இதைச் சரிசெய்ய முடியாது. எல்.இ. ஆடியோ என்ற புதிய முறையில் இதற்கு வழி இருக்கிறது, ஆனால் ஹெட்செட், கணினி, விண்டோஸ் மூன்றுமே அதற்கு ஒத்துழைக்க வேண்டும். எளிய வழி: புளூடூத் ஹெட்செட்டில் கேட்பதோடு நிறுத்திக்கொண்டு, பேசுவதற்குத் தனியாக ஒரு யூ.எஸ்.பி. மைக் அல்லது வெப்கேம் மைக்கை வையுங்கள். கேமிலும் டிஸ்கார்டிலும் மைக்காக அதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் ஒயர் ஹெட்செட்டையே போட்டுக்கொள்ளுங்கள். ஆன்லைனில் ஆடுகிறவருக்கு புளூடூத் தாமதமும் சேர்ந்து தொல்லைதான், என் சிபாரிசு எப்போதும் ஒயர்.

ஒயருக்கு மாறும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. போனுக்கு வாங்கிய ஹெட்செட் என்றால் பின்னின் மேல் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் காதுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டை. நேராகச் செருகினால் சத்தம் கேட்கும், மைக் வேலை செய்யாது. மைக் செத்துவிட்டது என்று முடிவு கட்டாமல், கடையில் ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக அந்த ஙொய் சத்தம். இதில் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: மவுஸை நகர்த்தும்போது, கேம் மெனுவைத் திறக்கும்போது ஙொய் மாறுகிறதா? மாறினால் கிராபிக்ஸ் கார்டின் மின் இரைச்சல் கேபினெட்டின் முன்பக்க ஜாக்குக்குப் போகும் மெல்லிய ஒயரில் தொற்றிக்கொள்கிறது. ஹெட்செட்டைப் பின்பக்கம், மதர்போர்டில் நேரடியாக இருக்கும் பச்சை ஓட்டையில் செருகிப் பாருங்கள். பாதிப்பேருக்கு அங்கேயே போய்விடும். போகவில்லை என்றால் போனுக்குப் போடும் டைப்-சி டாங்கிள் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதைக் கணினியில் போடலாம். உள்ளே சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சிப் இல்லாத வெறும் ஒயர் டாங்கிளும் விற்கிறார்கள், அது கணினியில் வேலை செய்யாது. அது ஒரு குட்டி சவுண்ட் கார்டுதான், ஆனால் கேபினெட்டுக்கு வெளியே, இரைச்சலை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருக்கும். நீங்கள் சவுண்ட் கார்டுக்கென்று காசு செலவழிக்க நியாயமான ஒரே இடம் இதுதான்.

ஙொய் மாறாமல், ஒரே சுருதியில், தம்பூராவின் அடி ஓசை போல நிற்கிறது என்றால் அது நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் கரண்டின் ரீங்காரம். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பில் புறங்கை பட்டபோது எப்போதாவது சுருக்கென்று லேசாகக் குத்தியிருக்கிறதா? அப்படியென்றால் எர்த் இல்லை. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டியிருப்பீர்கள், அல்லது எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரமாக இருக்கும், அல்லது சுவர் பாயின்ட்டுக்கே எர்த் ஒயர் வந்திருக்காது. பழைய வாடகை வீடுகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். சிலர் ரீங்காரத்தை நிறுத்துவதற்கென்றே எர்த் பின்னை உடைத்துவிடுகிறார்கள். சத்தம் நிற்கலாம், ஆனால் கேபினெட்டுக்குள் ஏதாவது கசிந்தால் அது உங்கள் உடம்பு வழியாகத்தான் இறங்கும். இந்த ஒன்றுக்கு மட்டும் கம்ப்யூட்டர் கடைக்குப் போகாதீர்கள். வீட்டு ஓனரிடம் சொல்லிவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.